சபராளிகள் சென்ற வீதிகள்

‘சபர்’ என்னும் சொல் நம் இல்லங்களில் வெறும் பயணத்தைக் குறிப்பதன்று. கொழும்புச் சபர், பினாங்குச் சபர், ரங்கூன் சபர் என்று பாட்டனார்கள் காலத்திலிருந்து வழங்கிவரும் இச்சொல்லுக்குள் கடலும் கண்ணீரும் காசும் கடிதமும் கலந்து கிடக்கின்றன. சபராளி திரும்பி வரும்வரை வீட்டில் யாசீன் ஓதிக் காத்திருந்த பெண்மக்கள் எத்தனை பேர்!

அந்தச் சபரின் பொருள் இன்று மாறி வருகிறது. பொருள் தேடுவதற்காக மட்டுமன்றி, ஊர்களைப் பார்ப்பதற்காகவே நம் இளைஞர்கள் கடல் கடக்கிறார்கள். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு மாற்றுடை, மடித்து வைத்த முஸல்லா; மலிவான விமானச் சீட்டு, மலிவான விடுதி; சிங்கப்பூர், பினாங்கு, பாங்காக் என்று பத்து நாட்களில் சுற்றி வந்துவிடுகிறார்கள். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய நம் ஊர்களுக்கும் இது புதிதன்று.

ஆனால் அந்த ஊர்களில் பார்க்கத்தக்கவற்றுள் பெரும்பகுதி பௌத்த ஆலயங்களே. எனவே, “சிலைகள் நிறைந்த இடத்தில் நம் பிள்ளைக்கு என்ன வேலை? ஈமானுக்கு ஊறு நேர்ந்துவிடாதா?” என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை எள்ளி நகையாடுவது முறையன்று. அதற்குத் தக்க விடை காண்பதே முறை.

நம் மண்ணில் கிடக்கும் சுவடுகள்

பௌத்தம் என்பது நாஞ்சில் நாட்டுக்குத் தொடர்பே இல்லாத ஏதோ ஒரு சீனத்துச் சமயம் என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன், கேரளக் கரையில் இருந்த திருமூலபாதம் என்னும் பௌத்த ஆலயத்துக்கு நிலம் வழங்கியதைப் பாலியம் செப்பேடு தெரிவிக்கிறது. அதே மன்னனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று, மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலையில் சமணத் துறவினி ஒருவர் பொன்னணிகள் அளித்த செய்தியைக் கூறுகிறது. மலைப்பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர்களை இன்றும் அங்குக் காணலாம். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் சமண உருவங்கள் உள்ளன.

சோழ நாட்டுக் கரைக்குச் சென்றால், நாகூருக்கு அருகிலுள்ள நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்தது. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நிறைவேற்றிய அந்த விகாரத்துக்குச் சைவனாகிய முதலாம் இராசராசன் ஏறத்தாழ கி.பி. 1006-இல் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் என்று புகழ்பெற்றவை இக்கொடையைப் பற்றியவையே. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 1867-இல் இடிக்கப்பட்டது. அங்கு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் படிமங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அணி செய்கின்றன.

தென்கிழக்காசியப் பௌத்தமும் தமிழகக் கடற்கரையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உறவு கொண்டவை என்பதே இதன் பொருள். அந்தக் கடல்வழியில்தான் பின்னாளில் நம் முன்னோரின் பாய்மரக் கப்பல்களும் சென்றன.

ஒரே வீதியில் மூன்று வாசல்கள்

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் வீதி என்று ஒன்றுண்டு. இன்று வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட இவ்வீதி, முற்காலத்தில் கடற்கரையாகவே இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் மிதித்த மண் அதுவே. உயிர் பிழைத்துக் கரை சேர்ந்ததற்கு நன்றி செலுத்த ஒவ்வொரு சமூகத்தாரும் அங்கே ஓர் இடம் அமைத்துக்கொண்டனர்.

தமிழ் முஸ்லிம்கள் 1827-இல் அவ்வீதியில் ஒரு குடிசையை எழுப்பித் தொழுதனர். ‘குச்சுப் பள்ளி’ என்று வழங்கிய அதுவே இன்றைய அல்-அப்ரார் பள்ளிவாசல். 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாக ஒரு தர்காவையும் அங்கே கட்டினார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஹொக்கியன் சீனர்கள் 1839-இல் தொடங்கி 1842-இல் நிறைவேற்றிய தியான் ஹொக் கெங் ஆலயம் நிற்கிறது. கடலோடிகளைக் காப்பவளாகச் சீனர் போற்றும் மாசுவுக்கு உரியது அது. பின்கட்டில் பௌத்தர்கள் வணங்கும் குவான் யின் உருவமும் உண்டு. மூன்றும் சிங்கப்பூர் அரசினால் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை.

சற்றுத் தொலைவில் சவுத் பிரிட்ஜ் சாலை. அங்கே 1826-இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தன் இரட்டை மினாராக்களுடன் நிற்கிறது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்களுக்கு அந்நாடுகளில் வழங்கிய பெயர். அடுத்தாற்போல் ஸ்ரீ மாரியம்மன் கோயில். அதே சாலையில் இன்னும் சில அடிகள் நடந்தால் 2007-இல் திறக்கப்பட்ட புத்தர் பல் ஆலயம். ஒருவர் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்து, பத்து நிமிடங்களில் மூன்று சமயங்களின் வாசல்களைக் கடந்துவிடலாம்.

வறுமையில் வாடிக் கப்பலேறிய அம்மக்கள் பெரும் படிப்பாளிகள் அல்லர். ஆயினும் அண்டை வீட்டான் வணங்கும் முறை வேறு என்பதனால் அவனோடு பகை கொள்ள வேண்டியதில்லை என்பதை அறிந்திருந்தனர். தம் தொழுகையையும் விடவில்லை. அவனுடைய வாசலையும் மறிக்கவில்லை.

பினாங்கின் கப்பித்தான் பள்ளி

பினாங்குத் தலைநகரான ஜார்ஜ் டவுன், 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அந்நகரின் நடுநாயகமாக விளங்குவது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் மரைக்காயர் 1801-இல் ஆங்கில அரசிடம் நிலம் பெற்று இப்பள்ளியை உருவாக்கினார். பள்ளி நிற்கும் வீதியிலேயே ஒரு கிறித்தவத் தேவாலயமும் குவான் யின் ஆலயமும் உள்ளன. மாரியம்மன் கோயிலும் அவற்றை ஒட்டியே அமைந்திருக்கிறது. அருகிலுள்ள சூலியா வீதியில் நாகூர் தர்காவும் உண்டு.

பௌத்த ஆலயங்களைக் காண விரும்புவோர் பர்மா சந்துக்குச் செல்லலாம். அங்கே 1803-இல் தோன்றிய பர்மிய ஆலயமும், 1845-இல் தோன்றிய சயாம் ஆலயமும் எதிரெதிரே நிற்கின்றன. சயாம் ஆலயத்தில் 33 மீட்டர் நீளமுள்ள, சாய்ந்து கிடக்கும் புத்தர் உருவம் உள்ளது. ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் கெக் லோக் சீ என்னும் பெரிய சீன பௌத்த ஆலயம் படிப்படியாக உயர்ந்து செல்கிறது. சீனம், சயாம், பர்மா ஆகிய மூன்று நாட்டுக் கட்டடக் கலைகளும் ஒரே கோபுரத்தில் இணைந்திருப்பதை அங்குக் காணலாம்.

மலேசியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. அந்நாட்டில் இவ்வாலயங்கள் செழித்து நிற்பதைக் காணும் பிள்ளை, சிறுபான்மையினரை எவ்வாறு வாழவிட வேண்டும் என்பதையும் காண்கிறான். சிறுபான்மையாக வாழும் நமக்கு அக்காட்சியில் பாடம் இல்லாமற் போகுமா?

பாங்காக்கில் பாங்கொலி

தோள்பைப் பயணிகள் யாவரும் பாங்காக்கில் தேடிச் செல்லும் இடம் காவ் சான் சாலை. இரவு முழுதும் உறங்காத கேளிக்கைத் தெரு அது. அதிலிருந்து ஐந்து நிமிட நடையில், ‘பள்ளிவாசல் சந்து’ என்றே பெயர் பெற்ற ஒரு குறுகிய சந்துக்குள் சக்ரபோங் பள்ளிவாசல் இருக்கிறது. பட்டானிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் பொற்கொல்லர்களின் குடியிருப்பு அது. கேளிக்கைத் தெருவுக்கு வழி கேட்கும் பயணிகளுள் எத்தனை பேர் இச்சந்துக்கு வழி கேட்கிறார்கள்?

ஆற்றங்கரையை நோக்கிச் சென்றால் வாட் போ ஆலயம். 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் உடைய சாய்ந்த புத்தரைக் காணவே கூட்டம் கூடுகிறது. ஆனால் நம் கண்கள் காண வேண்டிய பொருள் அங்கே வேறொன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சயாம் மன்னர் மூன்றாம் ராமா, மருத்துவம், வரலாறு, இலக்கியம் முதலிய அறிவுத்துறைகளைக் கல்லில் பொறித்துச் சுவர்களிலும் தூண்களிலும் பதிப்பித்தார். இவ்வாறு அமைந்த கல்வெட்டுகள் 1,400-க்கும் மேற்பட்டவை. ஏழையும் வந்து படித்துக்கொள்ளட்டும் என்பதற்காக வழிபாட்டு இடத்தையே பள்ளிக்கூடமாக்கிய செயல் இது. மதரஸாவையும் கிதாபுகளையும் பள்ளிவாசலோடு இணைத்து வைத்த நம் மரபை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

தாய்லாந்து பௌத்த நாடாயினும், முஸ்லிம்களின் தலைவருக்குச் ‘சுலாராஜமந்திரி’ என்னும் அரசுப் பதவி 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கு இருந்து வருகிறது. பாரசீகத்திலிருந்து அயுத்தியா நகருக்கு வந்த ஷெய்கு அஹ்மது என்பார் அப்பதவியை முதன்முதலில் வகித்தவர். தெற்கு மாகாணங்களில் 2004 முதல் நீடிக்கும் வன்முறையையும் நாம் மறந்துவிடலாகாது. ஒரு நாட்டின் முகம் ஒன்றாக மட்டும் இருப்பதில்லை.

போரோபுதூரைக் காத்தவர்கள்

ஜாவாத் தீவில் 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த போரோபுதூர், உலகிலேயே மிகப் பெரிய பௌத்த நினைவுச் சின்னம். 504 புத்தர் உருவங்களும் 72 சிறு தூபிகளும் அங்கே உள்ளன. சுற்றிலும் வாழ்பவர்கள் முஸ்லிம்கள். மழைநீர் ஊடுருவிச் சிதைந்து வந்த இதனை, இந்தோனேசிய அரசு யுனெஸ்கோவின் துணையோடு 1970-களில் கல் கல்லாகப் பிரித்து, வடிகால் அமைத்து, மீண்டும் அடுக்கி 1983-இல் நிறைவேற்றியது. பௌத்தர்களின் வைசாகத் திருநாள் அந்நாட்டில் பொது விடுமுறை நாள்.

1985-இல் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட சிலர் அங்கே குண்டு வைத்து 9 தூபிகளைச் சேதப்படுத்தினர். அவற்றைச் சீர்செய்ததும் அதே முஸ்லிம் நாடுதான். 2001-இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்படவிருந்தபோது, எகிப்தின் தலைமை முஃப்தி உள்ளிட்ட மார்க்க அறிஞர்களின் குழு அங்குச் சென்று தடுக்க முயன்றதும், அம்முயற்சி பயனற்றுப் போனதும் நாம் அறிந்தவையே. ஹஜ்ரத் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எகிப்தை வென்றபோது பிரமிடுகளையும் அவற்றின் அருகிலிருந்த பழஞ்சிலைகளையும் தகர்க்கவில்லை. பாமியானில் வெடி வைத்தவர்கள் இந்த முன்மாதிரியை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கசப்பையும் மறைக்கலாகாது

பௌத்தர் என்றவுடன் நம்முள் பலருக்கு நினைவுக்கு வருவது வேறு காட்சி. 2013-இல் மியான்மாரின் மெய்க்தீலா, 2014-இல் இலங்கையின் அளுத்கம, 2018-இல் கண்டியை அடுத்த திகன ஆகிய இடங்களில் முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் அழிக்கப்பட்டன. 2017-இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்காளதேசத்துக்கு விரட்டப்பட்டனர். நம் முன்னோர் செழித்து வாழ்ந்த, கடைசி முகலாயர் பகதூர்ஷா ஜஃபர் அடங்கியுள்ள ரங்கூன், 2021 இராணுவப் புரட்சிக்குப் பின்னர் பயணத்துக்கு ஏற்ற இடமாக இல்லை.

இக்கொடுமைகளை மூடி மறைத்துவிட்டுச் சமய நல்லிணக்கம் பேசுவது பொய்யாகும். ஆனால், சிலரது கொடுமைக்கு ஒரு சமயத்தார் அனைவரையும் பொறுப்பாக்குவது எத்தகைய அநீதி என்பதை இந்நாட்டு முஸ்லிம்களைவிட வேறு யார் நன்கறிவார்? நமக்கு எவ்வளவையால் அளக்கக்கூடாது என்கிறோமோ, அதே அளவையால் பிறரை நாம் அளத்தல் தகுமா?

மார்க்கம் காட்டும் எல்லை

பூமியில் சுற்றிப் பார்த்துச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனம், பிறர் அல்லாஹ்வையன்றி அழைப்பவற்றை ஏசுவதைத் தடை செய்கிறது. அல்ஹஜ் அத்தியாயத்தின் 40-ஆம் வசனம், பள்ளிவாசல்களோடு மடங்களையும் பிற வழிபாட்டு இடங்களையும் சேர்த்து, அவை தகர்க்கப்படாமல் காக்கப்படுவதைப் பேசுகிறது.

உருவங்கள் உள்ள வழிபாட்டு இடத்துக்குள் நுழைவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெறுக்கத்தக்கது என்பாரும் உளர். வணக்கத்தில் பங்கு கொள்ளாமல் பார்த்து வருவதற்குத் தடையில்லை என்பாரும் உளர். எனவே, மனம் ஒப்பாதவர் வெளியில் நின்று கட்டடக் கலையைக் கண்டு திரும்பலாம், அதில் குறையொன்றுமில்லை. உள்ளே செல்பவரும் ஊதுவத்தி ஏற்றுதல், கைகூப்பி வணங்குதல், காணிக்கைத் தட்டுகளை ஏந்துதல், கையில் நூல் கட்டிக்கொள்ளுதல் ஆகியவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும். தௌஹீதுக்கும் மரியாதைக்கும் இடையே முரண்பாடு இல்லை. தன் இல்லத்தின் எல்லை எது என்று அறிந்தவனே அண்டை வீட்டாரின் முற்றத்தில் அச்சமின்றி நிற்க இயலும்.

14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா இலங்கைக்குச் சென்று பாவா ஆதம் மலையில் ஏறினார். முஸ்லிம்கள் ஆதம் (அலை) அவர்களின் அடிச்சுவடு என்றும் பௌத்தர்கள் புத்தரின் அடிச்சுவடு என்றும் போற்றும் மலை அது. காழியாகப் பணியாற்றிய அவர், வழியில் கண்ட பிற சமயத்தாரின் ஆலயங்களையும் வழக்கங்களையும் தம் நூலில் குறித்து வைத்தார். அதனால் அவருடைய ஈமான் குறைந்துவிட்டதாக எவரும் கூறவில்லை.

ஆலயத்தில் அதபு

தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். நம் வழக்கமான உடையே அதற்குப் போதும். காலணியை வெளியில் விடுங்கள். புத்தர் உருவத்தை நோக்கிக் கால் நீட்டி அமராதீர்கள். பௌத்தத் துறவிகளைப் பெண்கள் தொடுவதில்லை. பொருள் எதையும் நேரே கையில் கொடுப்பதுமில்லை. சிலைகளின்மீது ஏறுவதோ, அவற்றுக்கு முன் கேலியாக நின்று படம் எடுப்பதோ கூடவே கூடாது. தாய்லாந்திலிருந்து புத்தர் உருவங்களை வெளியே கொண்டுசெல்ல நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

இவை சிறிய செய்திகள் அல்ல. 2019-இல் இலங்கையில் பல்கலைக்கழக மாணவர்களாகிய முஸ்லிம் இளைஞர்கள் எண்மர், பழைமையான தூபி ஒன்றின்மேல் ஏறி நின்று எடுத்த படம் முகநூலில் பரவிற்று. அவர்கள் கைது செய்யப்பட்டனர். நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஒரு நொடி விளையாட்டு, ஏற்கெனவே காயப்பட்டிருந்த ஒரு சமுதாயத்தின் தலைமீது விழுந்தது. நம் பள்ளிவாசலின் மிம்பர்மீது அந்நியர் ஒருவர் ஏறி நின்று படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று ஒருகணம் எண்ணினாலே போதும்.

தொழுகை, உணவு, எச்சரிக்கை

அந்நாடுகளிலும் கிப்லா, நம் ஊரைப் போலவே, மேற்கிலிருந்து சற்று வடக்கு நோக்கியே அமைகிறது. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கும் சலுகை உண்டு. ஓரூரில் தங்கும் நாட்களின் கணக்கும், இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் சட்டமும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் வேறுபடுகின்றன. புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றிலும் அதிகாரபூர்வமான ஹலால் முத்திரை உண்டு. தாய்லாந்தில் காய்கறி உணவிலும் பன்றிக் கொழுப்பு சேர வாய்ப்புண்டு என்பதால் முத்திரையைப் பார்த்தே உண்ணுங்கள். பள்ளிவாசலைச் சுற்றியுள்ள சிறு கடைகளே நம்பத்தக்கவை, விலையும் குறைவு.

பிறர் தரும் பொட்டலங்களை வாங்கிச் செல்லாதீர்கள். போதைப்பொருளுக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மரண தண்டனைவரை உண்டு. இன்னும் ஒன்று. 2022 முதல், கணினி வேலை என்று ஆசை காட்டிப் பாங்காக்குக்கு அழைத்து, அங்கிருந்து மியான்மாரின் எல்லைப் பகுதிக்குக் கடத்திச் சென்று, இணைய மோசடியில் ஈடுபடுத்தும் கும்பல்களிடம் இந்திய இளைஞர்கள் பலர் சிக்கினர். தமிழ்நாட்டினரும் அவர்களுள் இருந்தனர். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் அரசு விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தது. சுற்றுலா விசாவில் வேலை என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகள் செல்லத்தான் போகிறார்கள். ‘போகாதே’ என்று மட்டும் சொல்லித் தடுப்பதைவிட, எங்கே நிற்கலாம், எங்கே விலக வேண்டும் என்பதைக் கற்பித்து அனுப்புவதே அறிவுடைமை. இயன்றால் ஒருமுறை குடும்பத்தோடு நீங்களே சென்று வாருங்கள். தெலுக் ஆயர் வீதியில் குச்சுப் பள்ளியைக் காட்டி, “இங்கே ஓலைக் குடிசையில் தொழுதவர்கள் நம்மவர்கள், இந்த அண்டை வாசலோடு சண்டையிடாமல் இருநூறாண்டு வாழ்ந்தவர்கள்” என்று சொல்லுங்கள். பல நூல்கள் கற்பிப்பதை அந்த ஒரு வீதி கற்பித்துவிடும், இன்ஷா அல்லாஹ்.